ஏட்டுச்சுவடிக்கு ஒரு டிஃப்: மதுரையில் எரிஞ்ச திருக்குறள்

கோட் எழுதுறவங்க தினமும் பார்க்கிற ஒரு ஸ்க்ரீன் இருக்கு. இடது பக்கம் பழைய ஃபைல், வலது பக்கம் புது ஃபைல். நீக்கின வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை. இதுக்குப் பேரு டிஃப். பெல் லேப்ஸில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதி, 1974-ல் யூனிக்ஸோடு வந்த ப்ரோகிராம். ரெண்டு ஃபைலிலும் ஒரே வரிசையில் வர்ற வரிகளை முடிஞ்ச அளவு நீளமா பொருத்திப் பார்க்கும். பொருந்தாம மிஞ்சுறதுதான் வித்தியாசம். ஆனா ரெண்டுல எது சரின்னு அது சொல்லாது. இதை மனசுல வெச்சுக்கங்க.

நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்த வேலையைக் கையால செஞ்சவர் உ.வே.சாமிநாதையர். 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படிச்சிருக்கீங்களான்னு அவர்கிட்ட கேட்டார். அந்த நூல் அச்சுல வந்தது 1887-ல். ஏன் ஏழு வருஷம்? ஒவ்வொரு ஏடும் யாரோ ஒருத்தர் பார்த்து எழுதின பிரதி. ஒரு ஏட்டில் இருக்கிற சொல் இன்னொண்ணுல இருக்காது. அதோட, ஏட்டில் பொதுவா புள்ளி வைக்க மாட்டாங்க. ‘மண’ன்னு இருந்தா அதை ‘மண்’ன்னும் படிக்கலாம். எகர ஏகார வேறுபாடும் தெரியாது; ‘செறு’ன்னா வயல், ‘சேறு’ன்னா சகதி, ஏட்டில் ரெண்டும் ஒரே மாதிரி.

டிஃப்பில் ஸ்பேஸ் வித்தியாசத்தைக் கண்டுக்க வேண்டாம்னு சொல்ல ஒரு ஆப்ஷன் உண்டு. ஏட்டில் அப்படித் தள்ளிவிட முடியாது, ஒரு புள்ளியில அர்த்தமே மாறிடும். அதனால யாப்பு, பழைய உரை, மத்த நூல்கள் எல்லாத்தையும் வெச்சுத்தான் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கணும். அவர் தேர்ந்தெடுக்காத பாடங்களையும் தூக்கிப் போடலை. ‘பிரதிபேதம்’னு குறிச்சு வெச்சார். நாளைக்கு ஒருத்தர் வந்து, ‘ஐயா, அந்தப் பாடம்தான் சரி’ன்னு வாதாட இடம் இருக்கு.

இப்ப மதுரைக்கு வருவோம். தமிழ்ச்சங்கத்தைப் பத்திப் பேசும்போது ஒரு கதை சொல்வாங்க. ஸ்காட்னு ஒரு ஆங்கிலேயர், தமிழ் படிச்சவர். திருக்குறளில் சில குறள்களுக்கு எதுகை சரியா அமையலைன்னு நினைச்சு, சொற்களை மாத்தி ‘திருத்தி’ அச்சடிச்சார். இதைக் கேள்விப்பட்ட பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், இருந்த பிரதிகளை எல்லாம் விலைக்கு வாங்கி எரிச்சார்.

அந்தக் கோபம் எனக்குப் புரியுது. இன்னொரு கதையும் உண்டு: தேவர் மதுரையில் சொற்பொழிவுக்காகத் திருக்குறள் கேட்டப்போ ஒரு பிரதி கிடைக்கிறதே கஷ்டமா இருந்துச்சாம். அப்படிப்பட்ட ஊர்ல தப்பான பிரதி ஒண்ணு வீட்டுக்குள்ள போனா, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொண்ணு இருக்காது. அந்த வீட்டுக்கு அதுதான் திருக்குறள். ஸ்காட் செஞ்ச தப்பு சொல்லை மாத்தினது மட்டுமில்ல. மூலத்தை அழிச்சு அதுக்கு மேலயே எழுதினதுதான்.

ஆனா எரிக்கிறது பதில்னு நான் சொல்ல மாட்டேன். எரிச்சுட்டா அவர் எதை, எப்படி மாத்தினார்னு நமக்கும் தெரியாம போயிடும். தேவரோட நிஜமான பதில் 1901 செப்டம்பர் 14 அன்னைக்கு வந்துச்சு: மதுரைத் தமிழ்ச்சங்கம். சுவடி சேர்க்க, நூல்களைப் பதிப்பிக்க, ‘செந்தமிழ்’ இதழ் நடத்தன்னு ஒரு அமைப்பு. நல்ல பிரதிகள் ஊர்ல நிறைய இருந்தா, கெட்ட பிரதி தானே மாட்டிக்கும்.

1998-ல் தொடங்கின மதுரைத் திட்டம் இன்னைக்குப் பழைய நூல்களை இலவசமா நெட்ல தருது. அதே நெட்லதான் வாட்ஸ்அப் ஃபார்வர்டும் வருது. அடுத்த தடவை ஒரு குறள் உங்க ஃபோனுக்கு வந்தா, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. சிவப்பு, பச்சை எதுவும் தேவையில்லை, கண்ணு போதும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.