சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்

வண்டி வாங்கினால் நாம் முதலில் செய்கிற காரியம் என்ன? நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது. திருஷ்டி கழிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அமெரிக்கர்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அங்கே வண்டியையே எலுமிச்சம்பழம் என்பார்கள்! வெளியே பளபளவென்று இருந்து, வாங்கி நாலு நாள் ஓட்டியதும் பல்லைக் காட்டுகிற காருக்கு அவர்கள் வைத்த பெயர் 'லெமன்'.

இந்த எலுமிச்சம்பழத்தை வைத்து ஒருத்தர் நோபல் பரிசே வாங்கிவிட்டார். பெயர் ஜார்ஜ் அகெர்லாஃப். பொருளாதாரப் பேராசிரியர். பழைய கார் சந்தையைப் பற்றி அவர் எழுதிய சின்னக் கட்டுரையை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. 'இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது?' என்கிற மாதிரி பதில். நாலாவது பத்திரிகை 1970-ல் வெளியிட்டது. 2001-ல் நோபல்!

அவர் சொன்னது ரொம்ப எளிமையான சங்கதி. விற்பவருக்கு வண்டியின் ஜாதகம் முழுக்கத் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்லது, எது சொத்தை என்று புரியாததால், 'எதுக்கும் குறைச்சே கேட்போம்' என்று நடுவாந்தரமாக ஒரு விலை சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. 'எங்க வீட்டுலயே நிக்கட்டும்' என்று ஓட்டிக்கொண்டு போய்விடுவார். சந்தையில் மிச்சம் நிற்பது என்ன? எலுமிச்சம்பழங்கள்!

இங்கேதான் ஒரு வேடிக்கை. 1967-68-ல் அகெர்லாஃப் இருந்த இடம் புதுடெல்லி. இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஒரு வருஷம் இருந்தார். 'பழைய கார் ஏன் இவ்வளவு மலிவு?' என்று யோசித்த மனிதர், பழைய கார் மலிவே இல்லாத ஒரு தேசத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஆமாம்... அன்றைய இந்தியாவில் ஒருமுறை கை மாறிய ஃபியட், புது ஃபியட்டைவிட அதிக விலைக்குப் போனது!

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானக் கணக்கு தலைகீழ்ப் பாடம். குறையும் மதிப்பு முறையில் முதல் வருஷம்தான் அடி பலம். ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே மதிப்பு இறங்க ஆரம்பித்துவிடும். அன்றைக்கு இந்தக் கணக்கு ஏன் செல்லுபடியாகவில்லை?

லைசென்ஸ் ராஜ்யம். கார் செய்ய அனுமதி பெற்றவர்கள் முக்கியமாக மூன்றே பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாஸடர், பம்பாயில் பிரீமியர் கம்பெனியின் ஃபியட், நம் சென்னையில் ஸ்டாண்டர்ட். எத்தனை கார் செய்யலாம் என்று சொல்வது சர்க்கார். யாருக்கு எப்படி விற்கலாம் என்பதற்கு 1959-ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை. என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்கு 1969-ல் இன்னொன்று. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புது காரின் விலையை சர்க்கார் கட்டிப்போட்டது. தேவையைக் கட்டிப்போட முடியுமா? அது பழைய கார் சந்தைக்குள் புகுந்து விலையை ஏற்றிவிட்டது. அந்தக் கூடுதல் பணம் வண்டிக்கு அல்ல... காத்திருக்காமல் தப்பித்ததற்கு!

இந்த மூன்றில் ஓட்டுவதற்கு ஜாலியான வண்டி எது? சென்னைப் பிள்ளைதான். 1961-லிருந்து வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு நம்மூரில் எடுத்த அவதாரம். வடிவமைத்தவர் மிக்கெலொட்டி என்கிற இத்தாலிக்காரர். முன்பக்க மூடியை மட்கார்டோடு சேர்த்து அப்படியே முன்னால் சாய்த்துத் திறக்கலாம். டயர் மேலே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். சின்னச் சந்தில்கூடச் சட்டென்று திரும்பும். ஆனால், அம்பாஸடருக்கு இருந்த நற்பெயர் இதற்குக் கிடைக்கவில்லை. அம்பாஸடர் கனம், மந்தம். அது நின்றுபோனால் எந்த ஊர் மெக்கானிக்கும் ஸ்பேனரோடு வந்துவிடுவார். ஜாலி ஒரு பக்கம், நம்பிக்கை இன்னொரு பக்கம். ரெண்டும் ஒரே வண்டியில் அமைவது அபூர்வம்.

அதே ஸ்டாண்டர்ட் கம்பெனி பழைய கார் தேடுபவர்களுக்கு ஒரு பெரிய பாடத்தையும் விட்டுப்போயிருக்கிறது. 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு சொகுசு கார். இங்கிலாந்து ரோவர் காரின் அழகான உடம்பு. பார்த்தால் கண்ணெடுக்க முடியாது. உள்ளே? பழைய வேன்கார்ட் கார் காலத்து இன்ஜினின் வாரிசு! அழகுக்கு ஆசைப்பட்டு வாங்கியவர்கள் பெட்ரோல் ஊற்றியே அலுத்துப்போனார்கள். 1988-ல் உற்பத்தி நின்றது. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, சென்ட் தெளித்து நிறுத்தியிருக்கும் பழைய கார்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாலி, நம்பிக்கை இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது மாருதி 800. 1983 டிசம்பர் 14-ல் குலுக்கலில் தேர்வான ஹர்பால் சிங்குக்கு முதல் காரின் சாவியைக் கொடுத்தார் இந்திரா காந்தி. 796 சி.சி. இன்ஜின். இறகு மாதிரி எடை. ஏ.சி. போட்டால் மேட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முன்பதிவு லட்சத்தைத் தாண்டியதால், இதையும் ஆரம்பத்தில் கூடுதல் பணம் கொடுத்து கை மாற்றிக்கொண்டார்கள். ஹர்பால் சிங் 2010-ல் இறக்கும் வரை அந்த காரைக் கைவிடவே இல்லை என்பது ஒரு சான்றிதழ்.

1991-ல் கதவுகள் திறந்தன. கம்பெனிகள் வரிசைகட்டி வந்தன. காத்திருப்பு ஒழிந்தது. அப்போதுதான் தேய்மானக் கணக்கு இந்தியாவுக்கும் பொருந்த ஆரம்பித்தது. பழைய கார் உண்மையிலேயே மலிவானது. கூடவே எலுமிச்சம்பழமும் வந்து சேர்ந்தது! கார் கம்பெனியே பழைய காரைச் சோதித்து உத்தரவாதத்தோடு விற்கும் 'ட்ரூ வேல்யூ' கடைகளை மாருதி ஆரம்பித்தது எந்த வருஷம் தெரியுமா? 2001. அகெர்லாஃப் நோபல் வாங்கிய அதே வருஷம். அவர் சொன்ன நோய்க்கு அவரே சொன்ன மருந்துகளில் ஒன்றுதான் உத்தரவாதம்.

சரி, கம்பெனிக் கடை பக்கத்தில் இல்லாத ஊரில் என்ன செய்வது? வடக்கனந்தலை எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். ஜாகீர்தார்கள் பிடியிலிருந்த அந்த மலை 1976-ல்தான் முழுசாக அரசின் கைக்கு வந்தது. இன்றைக்குக் கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் தார்ச்சாலை ஏறுகிறது. கரும்புக் காசில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, 'குடும்பத்தோட மலைக்குப் போய் வர ஒரு கார்' என்று தேடுகிறவருக்கு அந்த மலைதான் இலவசப் பரிசோதனை நிலையம்!

காலையில் இன்ஜின் சூடாகும் முன்பே போய்விடுங்கள். விற்பவர் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் உஷார். புகையைப் பாருங்கள். நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. மலையில் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது. சூட்டு முள் மேலே ஏறினால் ரேடியேட்டர் பக்கம் வியாதி. இறங்கும்போது பிரேக் தன் கதையைச் சொல்லிவிடும். மீட்டர் நாற்பதாயிரம் காட்டி, பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். பெடலை நம்புங்கள்.

சின்ன ஊர்க்காரருக்கு ஒரு லாபமும் உண்டு. அகெர்லாஃப் அதே கட்டுரையில் இந்திய கிராமத்து வட்டிக்கடைக்காரரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உள்ளூர்க்காரருக்கு யார் எப்படிப்பட்டவர் என்று தெரியும். வெளியூர்க்காரர் ஏமாறுவார். கார் விஷயத்தில் அந்த உள்ளூர் ஞானம் மெக்கானிக்கிடம் இருக்கிறது. 'அண்ணே, அந்த வண்டியா? போன வருஷம்தான் இன்ஜினை இறக்கினேன்' என்று அவர் சொல்லும் ஒரு வரி, உங்கள் சேமிப்பையே காப்பாற்றும். அவருக்கு நூறு இருநூறு கொடுக்க யோசிக்காதீர்கள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். டயர், பேட்டரி, பெல்ட்டுக்கு என்று ஒரு பங்கு தனியாக இருக்கட்டும்.

கடைசியாக, பேப்பர். விற்பவரும் சரி, வாங்குபவரும் சரி, ஆர்.சி. புக்கில் பெயர் மாற்றாமல் தூங்கப் போகாதீர்கள். வடக்கே ஒருவர் 2007-ல் காரை விற்றார். பெயர் மாற்றவில்லை. வண்டி அடுத்தடுத்துப் பல கை மாறியது. 2009-ல் அந்த கார் பின்னால் வரும்போது மோதி ஒரு சிறுவன் இறந்துபோனான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018-ல் தீர்ப்பு. நஷ்டஈடு யார் பொறுப்பு? கடைசியாக வாங்கியவர் அல்ல. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்! காரை விற்றுப் பதினோரு வருஷம் கழித்தும் அந்த மனிதரைக் கார் விடவில்லை.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வையுங்கள், தப்பில்லை. சக்கரத்துக்கு மேலே இருப்பது எலுமிச்சம்பழமா என்பதை மட்டும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.