தீட்டப்படாத கத்திகள்

கைவேலையாகச் செய்யப்பட்ட வேட்டைக் கத்திகளைச் சேகரிப்பவர்களின் பேச்சு பெரும்பாலும் பிடியிலேயே தேங்கிவிடுகிறது. மான்கொம்பு, தந்தம், கருங்காலி. எனக்கு அலகின் சரிவே முக்கியம். முதுகிலிருந்து வாய்க்கு எஃகு எப்படி மெலிந்து வருகிறது என்பதில்தான் ஒரு கத்தி எந்த வேலைக்காகப் பிறந்தது என்பது பதிவாகியிருக்கிறது.

மெலியும் விதங்களை மூன்றாகக் கொள்ளலாம். சாணைச் சக்கரத்தின் வளைவை இருபுறமும் வாங்கிக்கொண்ட குழிவுச் சரிவு. நேர்கோடாக இறங்கும் தட்டைச் சரிவு. வெளியே புடைத்து வாயில் சேரும் புடைப்புச் சரிவு. குழிவு தோலை எளிதில் உரிக்கும். எலும்பில் மோதினால் வாய் சிதறக்கூடும். புடைப்பு அடியைத் தாங்கும். நுணுக்கமான வேலைக்கு மந்தம். தட்டை இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். எது உயர்ந்தது என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. எதை அறுக்க என்பதே கேள்வி.

அமெரிக்காவில் இக்கேள்விக்கு ஒரு பரம்பரை உண்டு. மிச்சிகனில் வில்லியம் ஸ்கேகல் செய்த கத்தி ஒன்றை 1937இல் போ ராண்டல் பார்த்தார். ஒருவர் அதைக்கொண்டு படகின் பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாராம், வாய் மழுங்கவில்லையாம். ராண்டல் ஃப்ளோரிடாவில் தாமே கத்தி செய்ய ஆரம்பித்தார். 1954இல் பாப் லவ்லெஸ் என்ற கப்பல் தொழிலாளி, நியூயார்க் கடையொன்றில் ராண்டல் கத்தி கேட்டார். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அவர் ஒரு பழைய பாக்கார்ட் காரின் ஸ்பிரிங்கை எடுத்துத் தாமே ஒன்றைச் செய்துகொண்டார். சுரண்டல், அவசரம் – ஆரம்பங்கள் இரண்டிலும் அழகியல் இல்லை.

பின்னாளில் லவ்லெஸ்ஸின் அடையாளமானவை குழிவுச் சரிவும், முதுகுக்கோட்டிலிருந்து தாழ்ந்திறங்கும் முனையும். அந்த வளைவை எத்தனையோ பேர் நகலெடுத்தார்கள். ஆனால் முனை தாழ்ந்ததற்குக் காரணம் ஒரு மிருகத்தின் வயிறு. தோலைக் கீறித் திறக்கும்போது முனை குடலில் குத்திவிடக் கூடாது. குடல் கிழிந்தால் இறைச்சி கெடும்.

1970இல் அமெரிக்கக் கத்திக் கலைஞர்களின் சங்கம் ஒன்று உருவாயிற்று; லவ்லெஸ் அதன் ஸ்தாபகர்களில் ஒருவர். கத்திகள் கண்காட்சிக்கு வந்தன. 2010இல் அவர் இறந்தார். அவர் கத்திகள் பல ஆயிரம் டாலருக்கு விலைபோகின்றன, போலிகளும் வந்துவிட்டன. இருபுறச் சரிவும் பிசகாமல் பொருந்துகின்றனவா என்று சேகரிப்பவர் கூர்ந்து பார்க்கிறார். தீட்டுவதில்லை. தீட்டினால் விலை குறையும்.

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. தட்டை அலகு தீட்டத் தீட்ட வாயருகே தடித்துக்கொண்டே போகும். குழிவு அலகோ தேய்ந்த பின்பும் நெடுநாள் தன் மெலிவை அநேகமாக இழப்பதில்லை. குழிவின் பெரிய குணமே இதுதான். பல வருஷங்கள் அறுத்துத் தீட்டியவனுக்கு மட்டுமே தெரியக்கூடியது. பெட்டிக்குள் வெல்வெட்டில் கிடக்கும் அலகுகளை ஒப்பிடுகிறவர், ஒப்பிட வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஒப்பிடுகிறார். என்னிடமுள்ள சில கத்திகள் பெயரில்லாதவை. அவற்றைத் தீட்டுகிறேன், விலை போனால் போகட்டும்.

உருவம் பற்றி நம் விமர்சகர்களும் நிறையப் பேசுகிறார்கள். ஒரு கோட்டை வளைத்த தேவை எது என்று கேட்காத உருவவாதம் பிடியின் பளபளப்பைத்தான் தடவிக்கொண்டிருக்கும். அந்த வளைவை ரசிக்கலாம், தவறில்லை. அதன் கீழே ஒரு மான் செத்துக் கிடந்தது என்பதையும் சேர்த்தே ரசிக்க வேண்டும்.