பழைய கல்யாண வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்றப் போகிறீர்களா?

1980, 1990-களில் தோட்டத்துக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாம் வி.எச்.எஸ். கேசட்டில்தான் பதிவாயின. அந்த லயத்து வீடுகள் பல இன்று இல்லை. கேசட்டில் நடமாடும் தாத்தா பாட்டியும் பல குடும்பங்களில் இல்லை. அதை ஓட்டும் கருவியும் அரிதாகிவிட்டது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதன் தயாரிப்பை நிறுத்தியது. கேசட்டை மாற்ற நினைப்பவர்கள் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஃபார்மெட்: எம்பி4 என்பது வெறும் டப்பா. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளது என்பதே முக்கியம். எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 கோப்பு பெரும்பாலான கைப்பேசிகளிலும் கணினிகளிலும் ஓடும்.

ரெசலூஷன்: படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. விசிடியில் 352×288, டிவிடியில் 720×576, முழு எச்டியில் 1920×1080. மலேசியாவில் புழங்கியது பி.ஏ.எல். முறை என்பதால், கேசட்டை 720×576 அளவில், விநாடிக்கு 25 படங்களாகப் பதிவு செய்தால் போதும். எச்டி என்று பெரிதாக்கினாலும் கேசட்டில் இல்லாத தெளிவு புதிதாக வந்துவிடாது.

பிட் ரேட்: ஒரு விநாடிப் படத்துக்குச் செலவாகும் தரவு. பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ரெசலூஷன் சரியாக இருந்தும் பிட் ரேட் குறைந்தால், காவடி ஆடும் காட்சியில் படம் கட்டம் கட்டமாக உடையும். அசைவு கூடினால் தரவும் கூட வேண்டும். விசிடி படத்துக்கு விநாடிக்குச் சுமார் 1.15 மெகாபிட், டிவிடிக்கு அதிகபட்சம் 9.8. கேசட்டுக்கு எச்.264 முறையில் 8 மெகாபிட் தாராளம்.

கணக்கு எளிது. 8 பிட் ஒரு பைட். ஆகவே 8 மெகாபிட் என்றால் விநாடிக்கு 1 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிகாபைட். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு ஏறக்குறைய 11 ஜிகாபைட். 32 ஜிகாபைட் பென் டிரைவில் தாராளமாக அடங்கும்.

சுருக்கும்போது விடுபட்டது திரும்ப வராது. எனவே பெரிய கோப்பை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தி, உறவினருக்குச் சிறிய நகலை அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் படம் மேலும் சுருங்கும். ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பினால் அப்படியே போகும்.

‘அப்போதே விசிடிக்கு மாற்றியாயிற்று’ என்று கேசட்டை வீசிவிட வேண்டாம். விசிடியில் 288 வரிகள்தான். கேசட்டில் 576 இருக்கின்றன. வெள்ளைப் பூஞ்சை படிந்த கேசட்டை மட்டும் சுத்தம் செய்யாமல் கருவியில் போடக்கூடாது. நாடா அறுந்துவிடலாம், அடுத்த கேசட்டுக்கும் பூஞ்சை பரவும்.

கடையில் கொடுப்பவர்கள் பணம் கட்டும் முன் இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் கேசட்டையும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.