நீலகிரியில் சிறு நிறுவனங்களுக்கான மருத்துவக் காப்பீடு

நீலகிரி மாவட்டத்தில் பத்து, பதினைந்து பேரை வைத்து நடக்கும் அடுமனை, தங்கும் விடுதி, தேயிலைத் தொழிற்சாலை, கடை ஆகியவற்றின் உரிமையாளர்கள் தம் பணியாளர்களுக்கு மருத்துவப் பாதுகாப்பு தர மூன்று வழிகள் உள்ளன: தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் (இ.எஸ்.ஐ.), காப்பீட்டு நிறுவனங்களின் குழுக் காப்பீடு, தனிநபர் காப்பீடு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. பிரீமியத்தோடு ஆள் எண்ணிக்கை, சம்பள வரம்பு, மருத்துவமனை இருக்கும் தூரம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவற்றைச் சரியாக ஒப்பிட முடியும்.

இ.எஸ்.ஐ.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கிய இத்திட்டம் 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் அடங்குவர்; இந்த வரம்பு 2017 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. 2019 ஜூலையில் சந்தா குறைக்கப்பட்டது. அதன்படி முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர்.

ஊட்டியில் வர்க்கி சுடும் ஓர் அடுமனையில் 12 பேர் மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்வதாகக் கொள்வோம். முதலாளியின் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 70,000 ரூபாய். ஒருவர் சம்பளத்தில் பிடிப்பது மாதம் 113 ரூபாய். வயது கூடினாலோ, வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ இந்தத் தொகை ஏறாது. குடும்பம் முழுவதற்கும் சிகிச்சை உண்டு. அதோடு, நோயால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். இந்த அடுமனைத் தொழிலாளிக்கு அது நாளொன்றுக்கு 350 ரூபாய். மகப்பேற்றுக்கு 26 வாரச் சம்பளம் உண்டு. தனியார் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனைச் செலவோடு நின்றுவிடும். இழந்த கூலியை ஈடுகட்டாது.

குறையும் உண்டு. நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல், மே சீசனுக்கு மட்டும் விடுதியில் சேர்ந்து நின்றுவிடுபவருக்கு இந்தக் கணக்கு எட்டாது. பெரிய சிகிச்சைக்கான இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மலைக்குக் கீழே, கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் இருக்கிறது.

தேயிலைத் தோட்டங்கள்

தோட்டங்களுக்கு வேறு வழிமுறை இருந்தது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, 5 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் 15 தொழிலாளர்களும் கொண்ட தோட்டங்களில், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது நிர்வாகத்தின் கடமையாக இருந்தது. எஸ்டேட் மருத்துவமனைகள் இப்படித்தான் நடந்துவந்தன. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தோட்ட உரிமையாளர் விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேரவும் இடம் தருகின்றன. ஓரிரு ஏக்கர் வைத்துக்கொண்டு ஆலைக்குப் பச்சைத் தேயிலை கொடுக்கும் சிறு விவசாயியின் நிலத்தில் கூலிக்கு இலை பறிப்பவருக்கு எஸ்டேட் மருத்துவமனையும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை.

குழுக் காப்பீடும் தனிநபர் காப்பீடும்

குழுக் காப்பீட்டுக்குப் பொதுவாகக் குறைந்தது 7 பேர் வேண்டும். பணியாளர்களின் வயது, காப்பீட்டுத் தொகை, முந்தைய ஆண்டு கோரிக்கைகள் ஆகியவற்றைப் பார்த்துப் பிரீமியம் குறிக்கப்படும். ஒரே ஆண்டில் இரண்டு பெரிய அறுவை சிகிச்சைகள் நடந்தால் மறு ஆண்டு தொகை உயரலாம். ஏற்கெனவே உள்ள நோய்களை முதல் நாளிலிருந்தே சேர்க்கும்படி பேசி வாங்கலாம் என்பது இதன் பெரிய பலன். தனிநபர் பாலிசியில் அத்தகைய நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருக்க நேரும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, குழுக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு தொடர்கிறது. ஒரு லட்சம் பிரீமியத்துக்கு 18,000 ரூபாய் கூடுதல் செலவு. இ.எஸ்.ஐ. கட்டாயமான நிறுவனம் குழுக் காப்பீடு எடுத்திருந்தாலும் இ.எஸ்.ஐ. கடமை தீராது.

எந்தப் பாலிசியானாலும், கையெழுத்துப் போடுமுன் கேஷ்லெஸ் மருத்துவமனைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பட்டியல் முழுக்கக் கோவை மருத்துவமனைகளாகவே இருந்தால், மழைக்காலத்தில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்கும் நாளில் அது கைகொடுக்காது. கூடலூர், பந்தலூர் பகுதியினர் சிகிச்சைக்கு வயநாடு செல்வதும் உண்டு என்பதால், அவர்களுக்கு அங்குள்ள மருத்துவமனைகளும் பட்டியலில் இருக்க வேண்டும்.

கூடலூர் முன்மாதிரி

தனியாகப் பிரீமியம் கட்ட முடியாதவர்கள் சேர்ந்து காப்பீடு பெறலாம் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று உள்ளது. அக்கார்டு தொண்டு நிறுவனம் 1992-இல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர்களை ஒரு குழுவாக்கிக் காப்பீட்டு நிறுவனத்தோடு இணைத்தது. அஸ்வினி அமைப்பின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை சிகிச்சை அளித்தது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் முதலிய பழங்குடியினர் கையில் ரொக்கம் இல்லாமலே மருத்துவமனையில் சேர முடிந்தது.

பாதுகாப்புக்கு வெளியே நிற்பவர்கள்

முதலமைச்சர் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 15,000 ரூபாய் வாங்குபவரின் ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். அவர் ஐந்து பேர் மட்டுமே உள்ள கடையில் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, குழுக் காப்பீட்டுக்கும் ஆள் போதாது. உழைத்துச் சம்பாதிக்கும் ஒரு குடும்பம் மூன்று வாசலிலும் திருப்பி அனுப்பப்படுவது நியாயமல்ல. நீலகிரியின் சிறு தொழில்களில் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. 10 பேருக்குக் குறைவான நிறுவனத்திலும் முதலாளியும் பெரும்பான்மைப் பணியாளர்களும் ஒப்புக்கொண்டால் இ.எஸ்.ஐ.யில் தாமாகச் சேர, 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இடம் தருகிறது. 15,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவருக்கு முதலாளியின் பங்கு மாதம் 488 ரூபாய்தான். ஐந்து பேர் உள்ள கடைக்கு மாதம் 2,440 ரூபாயில் ஐந்து குடும்பங்களுக்குச் சிகிச்சையும், படுக்கையில் விழும் நாட்களுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதியும் உறுதியாகும்.