மாசின்மையும் மாயூரம் முன்சீப்பும்

இயேசு பெருமான் பாவமற்றவர் என்பது கிறித்தவர் கொள்கை. கி.பி. 451-இல் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம், பாவம் ஒன்று நீங்கலாக அவர் எல்லாவற்றிலும் நம்மைப் போன்றவரே என வரையறுத்தது. பசியும் சோதனையும் அறிந்தவரிடத்து விளங்கிய தூய்மையாதலின், அது வணங்குதற்கு மட்டுமன்றிப் பின்பற்றுதற்கும் உரியதாயிற்று.

அன்றாட வாழ்வில் அந்நெறி எவ்வுருக் கொள்ளும் என்பதற்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) சான்றாவார். கத்தோலிக்கராகிய அவர், முன்சீப்பாக நீதி வழங்கிக்கொண்டே 1859-இல் 'நீதிநூல்' இயற்றிக் கைக்கூலியைக் கடிந்தார். 1876-78 பெரும்பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார்.

தம்மை மாசற்றவரெனக் கூறிக்கொள்ளல் மாந்தர்க்கு இயலாது. கைக்கூலிக்குக் கை நீட்டாதிருத்தல் இயலும். பிழைப்பு நாடிப் பெங்களூர் வந்த நாமும், எச்சமயத்தவராயினும், அலுவலக மேசையிலும் கடைத் தராசிலும் அந்நெறியைக் காப்போமாக.