நடுகல்லும் நினைவுத் தூணும்



பந்திங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு மோரிப் கடற்கரை புதிய இடமன்று. ஆடி அமாவாசையன்று முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க நம்மவர் செல்லும் கரை அது. 1945 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 ஆம் நாள், அதே கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் கப்பல்களிலிருந்து வந்திறங்கினார்கள். ஜப்பான் பணிந்து மூன்று வாரங்களுக்கு மேலாகிவிட்டது. ஆகவே சண்டை எதுவும் நடைபெறவில்லை. வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றதுதான் அன்றைய பெரிய தொல்லை.

அவர்கள் உயிரோடு வந்திறங்கினார்கள். ஆனால் அதே சீருடையை அணிந்து, நான்காண்டுகளுக்கு முன் இந்நாட்டு மண்ணில் மாண்டவர்கள் ஏராளம். அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று பர்மாக் காடுகளில் மாண்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் நம் தோட்டங்களிலிருந்து சென்றவர்கள். இந்த இரு சாராரையும் நாம் எப்படி நினைப்பது? இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான்.

1941 டிசம்பர் 8 ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையேறியபோது அவர்களை முதலில் எதிர்த்து நின்றவர்கள் இந்தியப் படையைச் சேர்ந்த டோக்ரா வீரர்கள். பிறகு டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை பேராக்கிலுள்ள கம்பார் மலைச்சரிவில் கடும்போர் நடந்தது. ஜப்பானியரிடம் பறிபோன ஒரு மேட்டை மீட்க, பஞ்சாப் படையைச் சேர்ந்த சீக்கியர்கள் துப்பாக்கி முனையில் ஈட்டிகளைப் பொருத்திக்கொண்டு பாய்ந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் கிரகாம் என்னும் ஆங்கிலேயர் அதில் பட்ட காயத்தால் இறந்தார். மேடு மீட்கப்பட்டது. ஆனால் ஜப்பானியர் கடல் வழியாகப் பின்புறம் வந்திறங்கியதால், வென்ற இடத்தையே விட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஐந்தே நாட்களில் சிலிம் ரிவர் சண்டையிலும் தோற்றார்கள். பிப்ரவரி 15 இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

இப்படி மாண்டவர்களில் சிலர் தைப்பிங் போர்க் கல்லறையில் துயில்கிறார்கள். அங்கே 850க்கு மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அவற்றில் 500க்கு மேல் யாருடையவை என்று தெரியாதவை. உடலே கிடைக்காத இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கு அங்கே தனி நினைவுச் சின்னமும் உண்டு.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். அதே 1941 ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். தொழிலாளர்களுக்குத் தலைவராக விளங்கிய ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சியை அடக்க இந்தியத் துருப்புகளே வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அப்படியிருக்க, சில மாதங்களுக்குப் பின் அதே படையைச் சேர்ந்தவர்கள் கம்பாரில் மாண்டார்கள் என்றால் நாம் ஏன் வருந்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் சிப்பாயும் நம்மைப் போல் வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்தவன்தான். நமக்குக் கங்காணி என்றால் அவனுக்கு ஹவில்தார். ஆணையிட்டவர் வேறு, மாண்டவன் வேறு.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1943 ஜூலை 2 ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். நான்காம் நாள் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அதன்பின் தோட்டம் தோட்டமாக ஆள் சேர்ந்தது. அப்போது அரிசி இல்லை, துணி இல்லை, பால் மரம் சீவினால் வாங்க ஆளில்லை. மரவள்ளிக்கிழங்கே சோறு. சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் வேறு. சோற்றுக்காகத்தான் இராணுவத்தில் சேர்ந்தார்கள் என்று பிற்காலத்தில் சிலர் எழுதினார்கள். சோறும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அதனால் என்ன குறைந்துவிட்டது? பெரட்டுக் களத்தில் தலை குனிந்து நின்ற மனிதன், துப்பாக்கியைத் தோளில் ஏற்றி நிமிர்ந்து நடந்தது அப்போதுதான். பெண்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமி அதற்குத் தலைமை தாங்கினார். கோலாலம்பூரிலிருந்து சென்ற ஜானகி, ஈப்போவில் பிறந்த ராசம்மா ஆகியோரின் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அந்தப் படையில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பெண்கள்.

1944 இல் இம்பால் முற்றுகை தோல்வியில் முடிந்தது. குண்டுபட்டு இறந்தவர்களைவிட, பின்வாங்கும் வழியில் மழையிலும் பசியிலும் மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் இறந்தவர்களே அதிகம். ஜான்சி ராணிப் படையில் ஜோசபின், ஸ்டெல்லா என்னும் இரு பெண்கள், பர்மாவிலிருந்து ரயிலில் திரும்பும்போது மறைந்திருந்து தாக்கியவர்களின் குண்டுக்குப் பலியானார்கள்.

1945 மே மாதம் ரங்கூன் பிரிட்டிஷார் கைக்குத் திரும்பிவிட்டது. போர் தோற்றுவிட்டது என்பது போஸுக்குத் தெரியாததன்று. அந்த நிலையில் ஜூலை 8 ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையோரத்தில் அவர் ஒரு நினைவுத் தூணுக்கு அடிக்கல் நாட்டினார். மாண்ட வீரர்களுக்கென்று, பெயர் தெரியாத வீரனுக்கென்று எழுப்பப்பட்டது அது. கட்டும் பொறுப்பு கர்னல் ஸ்ட்ரேசி என்னும் ஆங்கிலோ இந்தியரிடம் ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களில் தூண் எழுந்தது. இத்திஹாத், இத்மாத், குர்பானி என்னும் மூன்று சொற்கள் அதில் இருந்தன. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பது அவற்றின் பொருள். வெற்றி கண்ட அரசுகள் தூண் எழுப்புவது வழக்கம். தோல்வியை எதிரே வைத்துக்கொண்டு, இறந்தவர்களுக்குக் கடன் தீர்க்க வேண்டும் என்று எழுப்பிய தூண் இது. நடுவிலிருந்த அந்த ‘நம்பிக்கை’ என்னும் சொல் எந்த மதத்தையும் குறித்ததன்று. இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் சீக்கியரும் ஒரே பந்தியில் உண்ட படை அது.

செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும், மவுண்ட்பேட்டன் பிரபுவின் ஆணைப்படி அந்தத் தூண் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கல்லைத் தகர்த்தால் நினைவும் போய்விடும் என்று எண்ணியிருப்பார்கள். 1995 இல் சிங்கப்பூர் அரசு அதே இடத்தில் ஓர் அடையாளக் கல்லை நிறுவியது. மணிப்பூரில் மொய்ராங் என்னும் ஊரில் அந்தத் தூணைப் போலவே இன்னொன்றும் நிற்கிறது.

விழுந்தவனுக்குக் கல் நடுவது தமிழர்களுக்குப் புதிதா என்ன? காட்சி, கால்கோள் என்று தொடங்கி வாழ்த்து வரையில் அதற்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. கல்லைத் தேர்ந்தெடுத்து, நீராட்டி, பெயர் பொறித்து, நட்டு, படையலிட்டு வணங்கினார்கள். திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீரனோடு சேர்ந்து கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. இம்பாலுக்குப் போன தோட்டத்து இளைஞன் பெயர் அவன் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியவில்லை. நம் தோட்டக் கோயில்களில் நிற்கும் மதுரை வீரனும் வெட்டுண்டு மாண்ட காவல் வீரன் என்றுதானே கதை சொல்லுகிறது! அவனுக்குப் படையல் போடுகிற கை, இவர்களுக்கும் ஒரு விளக்கு ஏற்றினால் வழக்கத்துக்கு மாறானது ஆகிவிடாது.

ஆயுதம் ஏந்தாமல் சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட நம்மவர் கதை தனியே ஒரு பேச்சுக்கு உரியது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லாதிருந்தது. அண்மை ஆண்டுகளில்தான் தமிழர் அமைப்புகளின் முயற்சியால் அங்கே ஒரு நடுகல் எழுந்திருக்கிறது.

பள்ளி விடுமுறையில் தைப்பிங் ஏரிப் பூங்காவைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் பல. அங்கிருந்து புக்கிட் லாருட் மலைக்குப் போகும் சாலையில் சற்றுத் தூரம் சென்றால் போர்க் கல்லறை வந்துவிடும். சாலை அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இந்துக்கள், முஸ்லிம்கள், கூர்க்காக்கள். பெயர் பொறித்த கற்களைப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். பெயரில்லாத கற்களின் முன்னும் ஒரு பூ வையுங்கள்.