மோசார்ட்டின் கடைசி ஏடுகள்

வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் பேணப்பட்டுவரும் 'ரெக்வியம்' என்னும் ஆத்மசாந்தி இசையின் கையெழுத்துப் பிரதியைப் பிரிப்பவர் முதல் ஏட்டிலேயே திகைத்து நிற்பர். 1791 டிசம்பர் 5-ஆம் தேதி காலமான மோசார்ட்டின் கையொப்பம், 792 என்று மறு வருஷத்தைச் சுருக்கிக் குறித்த இலக்கத்தோடு அங்கே காணப்படுகிறது.

அதை இட்டவர் அவருடைய இளம் சகா சூஸ்மையர். பிறரிடம் விலைக்கு வாங்கிய இசையைத் தம் கையாலேயே பிரதி செய்து தம்முடையதாக அரங்கேற்றும் வழக்கமுடைய வால்செக் பிரபு, 1791 பிப்ரவரியில் மனைவியை இழந்தபின், தம் பெயரை மறைத்து, ஆள் மூலம் முன்பணம் கொடுத்து இந்த இசையைக் கேட்டிருந்தார். இரண்டு குழந்தைகளோடும் கணவர் வைத்துப்போன கடனோடும் நின்ற மோசார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸ், பாக்கித் தொகை கைக்கு வரவேண்டுமானால் முழுமையான பிரதி ஒன்றைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அவளை மோசக்காரி என்று தூற்றுவது நியாயமாகாதென்றே எனக்குத் தோன்றுகிறது. மோசார்ட் முடிக்காமல் விட்டுச்சென்ற இசையை முதலில் ஐப்ளர் என்ற இசையமைப்பாளரிடம் ஒப்படைத்தாள். அவர் பாதியில் விட்டுவிடவே, சூஸ்மையர் எழுதி முடித்தார். அவருடைய எழுத்து மோசார்ட்டின் எழுத்தை அச்சாக ஒத்திருந்தமையால், 1838-இல் அப்பிரதி, அன்று அரண்மனை நூலகமாயிருந்த அந்த நூலகத்தை அடைந்தபோது அது முழுவதும் மோசார்ட் எழுதியதென்றே பலரும் நம்பினர்.

உண்மையை அறிய, பாதிரியார் ஸ்டாட்லர், ஐப்ளர் இருவரிடமிருந்தும் அதே நூலகத்துக்கு வந்து சேர்ந்த மூல ஏடுகளைத்தான் பார்க்கவேண்டும். பாடகர்களின் குரல்வரிகளையும் அடிநாதத்தையும் மட்டும் எழுதிவிட்டு, வாத்தியங்களுக்குரிய கோடுகளைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டுச் சென்றிருக்கிறார் மோசார்ட். 'லாக்ரிமோசா' என்ற கண்ணீர்ப் பகுதியிலோ, இரண்டு கட்டங்கள் தந்திவாத்தியங்கள் விம்ம, ஆறு கட்டங்கள் குரல்கள் படிப்படியாக மேலேற, எட்டாவது கட்டத்தோடு அவர் எழுத்து நின்றுபோகிறது. அதற்கு மேல் ஐப்ளர் துணிந்து எழுதியவை இரண்டே கட்டங்கள்.

1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்குச் சென்றிருந்தபோது, இவ்வேடுகளில் ஒன்றின் கீழ்மூலையை யாரோ ஒரு பாவி கிழித்தெடுத்துச் சென்றுவிட்டான். அந்தத் துண்டு இன்றுவரை அகப்படவில்லை. முந்தைய பகுதியைத் திரும்ப வாசிக்கும்படி மோசார்ட் எழுதியிருந்த சிறு குறிப்பு அதில் இருந்தது. அவருடைய கை கடைசியாக எழுதிய சொற்கள் அவையாகவே இருக்கலாமென்று கருதுவோர் உண்டு. 1913-லேயே ஷ்னெரிக் என்பவர் இந்த ஏடுகளை நிழற்படப் பதிப்பாக வெளியிட்டிருந்த புண்ணியத்தால், அச்சொற்களை மட்டுமாவது நாம் இன்றும் வாசிக்க முடிகிறது.